நாலு கால் பாம்புக்கு அழுதவர்

சாமிதுரை டாக்டரை நம்பமாட்டார். டாக்டர் எழுதிய சீட்டை நம்பமாட்டார். அந்தச் சீட்டைப் படித்துக் காட்டுகிறவரையும் நம்பமாட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாடு ஓட்டப் போன ஆளுக்கு எழுத்து என்றாலே தன்னை ஏமாற்ற எவனோ போட்ட முடிச்சு. அப்படிப்பட்ட மனுஷர் எழுபத்து நாலு வயதில் ஒரு மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்து கெட்டார்.

அண்ணன் இராஜாங்கம் இறந்து அன்றைக்குப் பத்தாம் நாள். பங்காளிக்குத் தீட்டு பதினாறு நாள். கருமாதி முடிகிற வரைக்கும் தலைக்கு எண்ணெய் கிடையாது, கோயில் கிடையாது, கல்யாணம் காதுகுத்து கிடையாது, சினிமா இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சாமிதுரைக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு மாதம் ஆகியிருந்தது. வலது கண்ணைக் காட்டுவதற்கு நாள் குறித்திருந்தார்கள். தஞ்சாவூரில் விதைக் கம்பெனியில் வேலை பார்க்கிற பேத்தி அறிவுமதி லீவு போட்டுவிட்டு நீடாமங்கலத்துக்கே வந்து பஸ் ஏற்றி அழைத்துப் போனாள்.

போனால், டாக்டர் ஆபரேஷனில் இருக்கிறார், நாலு மணிக்கு வாருங்கள் என்றார்கள். மணி பதினொன்று. கத்திரி வெயில். ரோட்டில் கால் வைக்க முடியவில்லை.

"பக்கத்துல தியேட்டர் இருக்கு தாத்தா. ஏசி. மூணு மணி நேரம் உக்காந்து எந்திரிச்சி வந்துரலாம்."

"பெரியவனுக்கு இன்னும் கருமாதி ஆவல. சினிமாவுக்குக் கூப்புடுறியே, படிச்ச கழுத."

"சினிமா இல்ல தாத்தா, பொம்மப் படம். சீனாக்காரங்க ஊருப் புராணம். ஆளுங்க யாரும் நடிக்கல, எல்லாம் வரைஞ்சது."

"ஒருத்தன்கூட இல்லியா?"

"ஒருத்தர்கூட இல்ல."

சாமிதுரை யோசித்தார். சுவரில் வரைந்த படத்தைப் பார்த்தால் தீட்டுக்குக் குறையா? வீட்டில் காலண்டரைப் பார்க்காமலா இருக்கிறோம்? மனுஷன் நடித்தால்தானே சினிமா?

"ஆடுறவ எவளும் வரமாட்டாளே?"

"ஒரு பாம்புதான் தாத்தா ஆடும். வாங்க."

உள்ளே போனதுமே தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தது. அறிவுமதி அவரை வரிசைக்கு நடுவில் உட்கார வைத்தாள். இரண்டு பக்கமும் பிள்ளைகுட்டிக்காரர்கள் வந்து அடைத்தார்கள். விளக்கு அணைந்தது. கதவுக்கு மேலே சிவப்பாக ஏதோ எழுதி வெளிச்சம் போட்டிருந்தது. அங்கே போய்ச் சேர ஒன்பது பேரின் முழங்காலைத் தாண்ட வேண்டும். சாமிதுரை எண்ணிப் பார்த்துவிட்டுச் செருப்புக்குள் காலைச் சுருக்கிக்கொண்டார். சத்தம் நெஞ்சுக்குள் வந்து இடித்தது. குளிர், சாவு வீட்டில் பெட்டிக்குள் வைப்பார்களே, அந்தக் குளிர்.

படத்தில், வானத்து ராஜா ஒருவன் இரண்டு பாம்புகளை ஓர் ஆற்றுக்குக் காவல் போடுகிறான். அண்ணன் பாம்பு கறுப்பு, தம்பி பாம்பு வெள்ளை. பாம்பு என்றால் நம் பாம்பு இல்லை. நாலு கால், மான் கொம்பு, கெளுத்தி மீனுக்கு இருப்பது மாதிரி மீசை.

"இது என்னாடி, பாம்பா உடும்பா?"

"ட்ராகன் தாத்தா. மெதுவாப் பேசுங்க."

முன் வரிசையிலிருந்து ஒருவன் திரும்பி உஷ் என்றான். சாமிதுரை அவனை முறைத்தார். இருட்டில் முறைத்து என்ன பிரயோசனம்.

பாதிப் படத்தில் அண்ணன் பாம்பு போய் மலை இடுக்கில் குறுக்கே படுத்துக்கொண்டது. ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. ஆறு நின்றது. கீழே, தம்பியின் காவலில் இருந்த வயலெல்லாம் வெடித்தது. பயிர் நுனியில் தொடங்கிக் காய்ந்து, மஞ்சளாகி, வைக்கோலானது. வரைந்ததுதான், ஆனால் காய்கிற விதம் சரியாக இருந்தது. எவனோ பயிர் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்தான் வரைந்திருக்கிறான் என்று சாமிதுரைக்குத் தோன்றியது. அவர் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த வறட்சியில் அவர் பயிரும் அப்படித்தான் காய்ந்தது. வாய்க்காலில் மேல் வயல் அண்ணனுடையது, கடைசி வயல் அவருடையது. கதிர் வெளியே வருகிற நேரம். அண்ணன் மடையில் பலகையைப் போட்டு மண்ணைத் தள்ளி அடைத்துவிட்டான். சாமிதுரை மூன்று நாள் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அவனே வந்து சொல்லட்டும் என்று இருந்தார். அவன் வரவில்லை. இவர் போய்க் கேட்கவுமில்லை. பயிர் மாட்டுக்குப் போனது. அதற்கப்புறம் ஒரே தெருவில் ஒன்பது வருடம் பேச்சில்லை. எதிரே வந்தால் ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவார். அண்ணன் சாவுக்குச் சாமிதுரை போனார். வாய்க்கரிசி போட்டார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அண்ணன் மகன் புகழேந்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மன்னார்குடியில் வாத்தியார், எதையும் பார்த்துக் குறித்து வைத்துக்கொள்கிறவன்.

திரையில் தம்பி பாம்பு சண்டைக்குப் போய் அண்ணனின் கொம்பை ஒடித்தது. அண்ணன் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அது செத்து விழுந்தபோதுதான் மலைக்குப் பின்னால் என்ன நின்றது என்று தெரிந்தது. கறுப்பாக, மலை உயரத்துக்கு, உப்புத் தண்ணீர். ஊரை அழிக்க வந்த தண்ணீரை இத்தனை நாளும் முதுகால் தாங்கியிருக்கிறது. தம்பி ஒடிந்த கொம்பைச் சுற்றிச் சுருண்டுகொண்டது.

சட்டென்று விளக்கைப் போட்டுவிட்டார்கள். சாமிதுரை முகத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

வெளியே போகிற வழி குறுகல். அந்தக் குறுகலில் ஒருவன் மைக்கை வைத்துக்கொண்டு நின்றான், இன்னொருவன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். மைக்குக்காரன் பேர் ஜாபிர் என்று பிற்பாடு தெரிந்தது. யூடியூப்பில் படம் பார்த்தவர்களின் கருத்தைப் போடுகிறவனாம். முன்னால் போன பெண் "கிராஃபிக்ஸ் செம" என்றாள். ஒரு காலேஜ் பையன் "ஃபர்ஸ்ட் ஹாஃப் இழுவை" என்றான். இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மாள், "புள்ளைங்களுக்குப் புடிச்சுது, ஆனா கடைசியில பாப்பா பயந்துட்டா" என்றாள்.

சாமிதுரை சுவரோரமாக நழுவப் பார்த்தார். பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. மைக் வாயருகே வந்துவிட்டது.

"ஐயா, படம் எப்டி இருந்துச்சுங்கய்யா?"

"வழிய விடு."

"ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்கய்யா."

"மூளை இல்லாத படம்."

"ஏன்யா அப்டிச் சொல்றீங்க?"

"பின்ன என்ன? அந்தப் பெரிய பாம்பு வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தக் கூத்து உண்டா? 'டேய் தம்பி, பின்னால உப்புத் தண்ணி நிக்கிது, அதுக்குத்தான் அடைச்சேன்'னு சொன்னா கொறஞ்சா போயிடும்? சரி, சின்னதாச்சும் போயிக் கேட்டுச்சா? அதுவும் கேக்கல. கொம்ப ஒடிக்கத் தெரியிது, கேக்கத் தெரியல. ரெண்டும் வீம்பு புடிச்ச கழுதைங்க. செத்தப்பறம் போயி… கட்டிக்கிட்டு…"

அதற்குமேல் வரவில்லை. தோள் குலுங்கியது. துண்டால் வாயைப் பொத்தினார். கண்ணைப் பொத்தத் தோன்றவில்லை. மைக் நகரவே இல்லை. ஜாபிர் முகத்தில், வலை கனத்துவிட்டது என்று தெரிந்த மீன்காரனின் சந்தோஷம்.

சாயந்தரம் டாக்டர் பார்த்தார். கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் புதுச் சொட்டு மருந்து ஒன்றை அவரே விட்டு, மூன்று வேளை போடச் சொல்லிச் சீட்டு எழுதினார். சாமிதுரை நம்பவில்லை. ஆனாலும் சீட்டை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை உபைதுல்லாவின் டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். உபைதுல்லா நாற்பது வருடப் பழக்கம். டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"தொர அண்ணே, தஞ்சாவூர்ல பாம்புக்கு அழுதீங்களாமே?"

"எவன் சொன்னான்?"

"மூணு லட்சம் பேரு பாத்துருக்கான், இதுல எவன்னு சொல்றது?" போனை எடுத்துக் காட்டினார். கண்ணாடிக்குள் ஒரு கிழவன் வாயைக் கோணிக்கொண்டு அழுதான். கீழே எழுதியிருந்ததை உபைதுல்லா படித்தார். "'தாத்தா தங்கம்.' 'படத்த விட தாத்தா நடிப்பு சூப்பர்.' 'எவ்ளோ குடுத்து அழச் சொன்னாங்க?' இன்னொருத்தன் போட்டுருக்கான், 'தாத்தா வீட்டுக்கு ஒரு ட்ராகன் பார்சல்.'"

பெஞ்சில் சிரித்தார்கள். சாமிதுரை டீயைக் குடிக்காமல் எழுந்தார்.

அறிவுமதிக்குப் போன் போட்டுக் கத்தினார். அவள் ஜாபிரைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். "எடுத்துட்டாரு தாத்தா. ஆனா அதுக்குள்ள வேற இருபது முப்பது பேரு அத எடுத்துப் போட்டுட்டாங்க. பாட்டெல்லாம் சேத்துப் போட்டுருக்காங்க."

"அவனுங்களையும் எடுக்கச் சொல்லு."

"அவங்க யாருன்னே தெரியாது தாத்தா."

வாய்க்காலாக இருந்தால் ஒரு வெட்டு மண்ணில் அடைத்துவிடலாம். இதை எங்கே போய் அடைப்பது?

பன்னிரண்டாம் நாள் புகழேந்தி வந்தான். வாசலிலேயே நின்றான், உள்ளே வரவில்லை.

"அப்பா கெடந்த அன்னிக்கி ஒங்க கண்ணுல பொட்டுத் தண்ணி வரல. அத நான் தப்பா நெனைக்கல சித்தப்பா. கோவம் இருக்கும், சரின்னு விட்டேன். தீட்டு கழியிறதுக்குள்ள சினிமாவுக்குப் போயி, ஓணானுக்கு அழுதுட்டு வந்துருக்கீங்க. ஸ்டாஃப் ரூம்ல என்கிட்டயே காட்டிச் சிரிக்கிறாங்க."

"அது சினிமா இல்லடா. பொம்ம."

"கருமாதிக்கு நீங்க ஆத்துக்கு வர வேணாம். எள்ளுத் தண்ணிய நாங்க எறச்சிக்கிறோம்."

"என்னைய வராதன்னு சொல்ல நீ யாருடா?"

"செத்தவருக்குப் புள்ள."

போய்விட்டான். சாமிதுரை நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருமாதியன்று ஆற்றில் மகன் முதலில் எள்ளும் தண்ணீரும் இறைப்பான், அடுத்தது கூடப்பிறந்தவன். கூடப்பிறந்தவன் இவர் ஒருவர்தான். ஒன்பது வருடம் அண்ணனோடு பேசாமல் இருந்ததற்கு மிச்சம் அந்த ஒரு கைத் தண்ணீர். அதுவும் போனால் செத்தவன் செத்தவன்தான், அவனிடம் போய்ச் சேர வேறு வழி கிடையாது.

அதற்கப்புறம் மூன்று நாள் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. மனைவி போய் ஆறு வருடம், மகன் திருப்பூரில். கதவைச் சாத்தினால் உள்ளே புழுக்கம், திறந்தால் தெருவில் போகிறவன் எட்டிப் பார்க்கிறான். பால்காரன் பாலை ஊற்றிவிட்டு "பாம்பு தாத்தா" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டே போனான். டிவியைப் போடப் பயமாக இருந்தது. சுவரில் இருந்த காலண்டரைத் திருப்பி மாட்டினார்.

பதினைந்தாம் நாள் அறிவுமதி வந்தாள். வரும்போதே ஒரு வழி யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"தாத்தா, கண்ணுல மருந்து விட்டுருந்தாங்க, அதான் தண்ணியா ஊத்துச்சுன்னு சொல்லுங்க. சீட்டு இருக்குல்ல, காட்டுங்க. வெயிலுக்கு ஒதுங்க நான்தான் இழுத்துட்டுப் போனேன்னு நான் சொல்லிக்கிறேன். தேதி ஒண்ணுதான், யாரு மணியப் பாக்கப்போறா?"

சாமிதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுபத்து நாலு வருடத்தில் முதல் முறையாக ஒரு சீட்டு அவர் பக்கம் நின்று பேசப்போகிறது. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் கருமாதி. கோரையாற்றில் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறந்து வர இன்னும் நாளிருந்தது. மணலில் இடுப்பளவு பள்ளம் தோண்டி ஊற்று எடுத்திருந்தார்கள். அடியில் ஒரு தாம்பாளம் அளவுக்குத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. பங்காளிகள் வயசுப்படி வரிசையாக நின்றார்கள். கரைமேல் புங்கமரத்தடியில் பெண்கள். நடுவில் அண்ணி ராமாயி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

சாமிதுரை மணலில் இறங்கியதும் வரிசை திரும்பியது. புகழேந்தி வந்து குறுக்கே நின்றான். மொட்டைத் தலையில் வியர்வை.

"சொன்னேன்ல சித்தப்பா."

ஒரு வயதான பங்காளி இடையில் புகுந்தார். "டேய், எறங்கி வந்தவரப் போன்னு சொல்ல முடியாது. தீட்டோட போனது தப்பு, அதுக்குப் பதில் சொல்லட்டும். ஏம்ப்பா தொர, என்னா நடந்துச்சு?"

சாமிதுரை இடுப்பிலிருந்த சீட்டை எடுத்தார். "ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். கண்ணுல மருந்து விட்டுருந்தாங்க. அதான் தண்ணியா ஊத்துச்சு. அந்தப் பய அத அழுகன்னு போட்டுட்டான்."

"அதான பாத்தேன்!" என்றார் பங்காளி. வரிசையில் எல்லோருக்கும் மூச்சு விட்டமாதிரி இருந்தது. சண்டை இல்லாமல் காரியம் முடிந்தால் சரி. புகழேந்தி சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தான். ஒரு அடி நகர்ந்து வழி விட்டான்.

சாமிதுரை ஊற்றருகே போய்க் குந்தினார். எள்ளைக் கையில் கொடுத்தார்கள். தண்ணீரைப் பார்த்தார். முதலில் இறைத்த புகழேந்தி வழித்து எடுத்துவிட்டான். அடி மணல் தெரிந்தது. ஊற வேண்டும். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது, வருவது தெரியாமல் வந்தது. அதை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா சித்தப்பா, எறைங்க."

"மருந்து சாயந்தரந்தான் விட்டாங்க," என்றார் சாமிதுரை, தலையைத் தூக்காமல். "படம் காலையில."

யாருக்கும் உடனே புரியவில்லை.

"அழுததுதான். பாம்புக்கு அழுவல." எள் கைக்குள் வியர்வையில் ஒட்டியது. "அவன் மடைய ஏன் அடைச்சான்னு ஒரு நாள் நான் போயிக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பான். காரணம் இருந்திருக்கும். அந்தப் பாம்புக்கு இருந்துச்சு. எவனுக்குத் தெரியும், இவனுக்கும் என்னமோ…"

"காரணம் ஒண்ணும் இல்ல தம்பி."

கரைமேலிருந்து ராமாயி. பதினாறு நாள் அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"தண்ணி பத்தல. ஒருத்தரு வயலுக்குத்தான் காணும். நம்ம கதிரு பொழைக்கட்டும்னு அடைச்சாரு. மம்பட்டிய நான்தான் எடுத்துக் குடுத்தேன். அறுத்தப்பறம் ரெண்டு மூட்ட ஒங்களுக்குன்னு கட்டித் தனியா வெச்சாரு. நீங்க வந்து கேப்பீங்கன்னு இவரு பாத்தாரு. இவரா கொண்டாந்து குடுப்பாருன்னு நான் பாத்தேன். எலி தின்னுச்சு. அவ்வளவுதான் தம்பி. அவரப் போயிப் பெரிய பாம்பாக்காதீங்க."

புகழேந்தி அம்மாவைப் பார்த்தான், சித்தப்பாவைப் பார்த்தான், கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். அவனுக்கும் இது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. நகர்ந்த இடத்திலிருந்து திரும்பக் குறுக்கே வரவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

சாமிதுரைக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. பின்னால் வரிசை, இரண்டு பக்கமும் தோண்டிப் போட்ட மணல், எதிரே ஊற்று. மலைக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் இல்லை. ஒன்றுமே இல்லை. ஒரு மடை, ஒரு மண்வெட்டி, எலி தின்ற நெல். இதற்கா ஒன்பது வருடம்? கோபப்படலாமென்றால் ஆள் இல்லை. மன்னிக்கலாமென்றாலும் ஆள் இல்லை.

ஊற்றில் ஒரு கை அளவு ஊறியிருந்தது.

கரையில் எவனாவது போனைத் தூக்கிப் பிடித்திருப்பான். பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவர் பார்க்கவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவுமில்லை. எள்ளோடு தண்ணீரை அள்ளி, விரல் இடுக்கில் ஒழுகிப் போவதற்குள் மணலில் ஊற்றினார்.

"இந்தா," என்றார், "குடிச்சித் தொலை."